பழைய கிரைண்டருக்குப் புது மோட்டார்

பசுமலையில் எங்கள் வீட்டுப் பழைய டில்டிங் கிரைண்டர் ஒருநாள் ‘ம்ம்ம்’ என்று உறுமியபடியே நின்றுவிட்டது. உள்ளே உளுந்து, கல் நகரவில்லை. அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். அதுதான் சரி. சுழலாமல் நிற்கும் மோட்டாருக்குள் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் பாயும். விட்டுவைத்தால் காயில் கருகிவிடும்.

ஆட்டுக்கல்லை மின்சாரத்தால் சுழலவைத்த இந்தக் கருவியை 1955-இல் உருவாக்கியவர் கோவை பி. சபாபதி. அதே ஊரில்தான் 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்தார்கள்.

மோட்டார் ஏன் உறுமுகிறது? வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மின்சாரம். அது காயிலில் உண்டாக்கும் காந்தப்புலம் சுற்றிவராது, இருந்த இடத்திலேயே துடிக்கும். நிற்கும் ரோட்டாரை அதனால் கிளப்ப முடியாது. ஆகவே இரண்டாவது காயில் ஒன்றையும் கண்டன்சர் ஒன்றையும் சேர்க்கிறார்கள். கண்டன்சரால் இரு காயில்களின் மின்னோட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடுகிறது. திருகையின் எதிரெதிரே உட்கார்ந்து இருவர் மாற்றி மாற்றிச் சுற்றுவதுபோல, ரோட்டார் ஒரே திசையில் ஓடத் தொடங்குகிறது.

பழுது பார்க்கும் வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் முனைகளைத் தொடக்கூடாது. பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சுலபமாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால், பெரும்பாலும் கண்டன்சர்தான். குறைந்த செலவில் முடியும். கருகிய வாடை வந்தால் ரீவைண்டிங். இறுகினாலோ ஆடினாலோ பேரிங். எங்கள் மோட்டாரில் பேரிங் தேய்ந்து ஷாஃப்டையும் தின்றிருந்தது. மாற்றுவதே வழி.

மாற்றும்போது குதிரைத்திறன் மட்டும் பொருந்தினால் போதாது. நிமிடச் சுற்று, ஷாஃப்டின் தடிமன், போல்ட் துளைகள், சுழலும் திசை அத்தனையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,400 முறை சுற்றும். அதைக் கல்லுக்கு ஏற்ற நிதானத்துக்குக் கொண்டுவருவது புல்லிகளின் அளவு. மோட்டார் பக்கத்துப் புல்லி பெரிதாகிவிட்டால் கல் வேகமெடுக்கும், மாவு சூடாகும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் புதுப் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

தேய்ந்த ஆட்டுக்கல்லை நம் வீடுகளில் யாரும் வீசியதில்லை. தெருவில் கல் கொத்துபவரைக் கூப்பிட்டுக் கொத்தி வாங்கினோம். கிரைண்டருக்கும் அதே மரியாதை தகும்.