பலவகையும் பெல்பாகாயும்: இரு மொழிகளில் வாழும் ஒரு பெயரடை

ஒரு பெயரடை இரு மொழிகளுக்குப் பொதுவாக இருப்பினும் அதன் பொருள் இரண்டிலும் ஒன்றாகவே நிற்கும் எனக் கொள்வதற்கில்லை. பிரெஞ்சில் ‘லார்ஷ்’ என்பது அகன்றதைக் குறிக்கும். பழம்பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் ஏற்ற அச்சொல் ‘லார்ஜ்’ என நின்று பெரியதைக் குறிக்கிறது. பேராக் தமிழர் நாள்தோறும் புழங்கும் தமிழிலும் மலாயிலும் அத்தகைய பெயரடை ஒன்றுண்டு. தமிழில் ‘பலவகை’, மலாயில் ‘பெல்பாகாய்’.

‘வகு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘வகை’, மலாயில் ‘பாகாய்’ ஆயிற்று. வடமொழி ‘வம்சம்’ மலாயில் ‘பங்சா’ ஆனதிலும் இவ்வகர மாற்றத்தைக் காண்கிறோம். ‘கடை’ என்பது ‘கெடாய்’ ஆனதுபோல, ‘பல’ என்பதன் முதல் அகரமும் தேய்ந்து ‘பெல்’ ஆயிற்று. மாணவரைக் குறிக்கும் ‘பெலாஜார்’ என்னும் சொல்லின் முன்னொட்டே இங்கும் வந்துள்ளது என மயங்க இடமுண்டு, அஃது அன்று. ‘எவ்வாறு’ எனப் பொருள்படும் ‘பாகாய்மானா’விலும் நம் ‘வகை’யே உறைகிறது.

பொருள் மாறாவிடினும் அமைப்பு மாறியுள்ளது. தமிழில் ஒருவகை, இருவகை, சிலவகை என முன்மொழியை மாற்றவியலும். மலாயிலோ ‘பெல்பாகாய்’ பகுக்கப்படாத ஒரு சொல்; ‘பாகாய்’ தனித்து நிற்குங்கால் பெரிதும் ‘போல’ என்றே பொருள்படும். ஆதலின் ‘பெல்பாகாய் ஜெனிஸ்’ என்னும் தொடர் இயல்பாக வழங்குகிறது. அரபுவழி வந்த ‘ஜெனிஸ்’ என்பதற்கும் வகை என்பதே பொருள். நமக்குப் ‘பலவகை வகை’ எனத் தோன்றுவது மலாய் பேசுவோருக்கு மிகைபடக் கூறலன்று.

இச்சொல்லைத் தோட்டத் தொழிலாளர் கொண்டுவந்தனர் எனக் கருதுதல் பொருந்தாது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே மலாய் இதனை ஏற்றிருந்தது. தோட்டங்களிலோ சொல் எதிர்த்திசையில் வந்தது: மலாயின் ‘கெத்தா’ தொழிலாளர் நாவில் ‘கித்தா’ ஆயிற்று. சுங்கை சிப்புட் வட்டாரத்து மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டு, குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தபின் அச்சொல்லும் முதியோர் பேச்சில் ஒதுங்கி வருகிறது.

தமிழ்ப்பள்ளி முடித்து மலாய்வழி இடைநிலைப்பள்ளி புகும் மாணவர் ‘பெல்பாகாய்’ என்பதை அயற்சொல்லாகவே மனனம் செய்கின்றனர். அதன் பிறப்பை ஆசிரியர் ஒருமுறை விளக்கினால் இரு மொழிகளும் அவர்க்கு அணுக்கமாகும். ஆயினும் இது நமது என உரிமை கோருதல் வேண்டா. ‘கித்தா’ நம்முடையதாயின், ‘பெல்பாகாய்’ அவர்களுடையதே.