பேச்சு குடியிருக்கும் பக்கம்

பாரிஸுக்கு அருகே பிசெத்ர மருத்துவமனையில் லெபோர்ன் என்றொரு நோயாளி இருந்தார். பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது ‘டான், டான்’ என்ற ஒலி மட்டுமே. 1861-ல் அவர் இறந்தபின் மருத்துவர் பால் புரோக்கா அவரது மூளையை ஆராய்ந்தார். இடது பாதியின் முன்பகுதி சிதைந்திருந்தது. இதேபோன்ற நோயாளிகள் பலரைப் பார்த்த பிறகு, பேச்சை ஆள்வது இடப்பக்கம்தான் என்று 1865-ல் அவர் எழுதினார்.

வடிவத்திலும் வேறுபாடு உண்டா? 1968-ல் அமெரிக்காவில் கெஷ்விண்ட், லெவிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 100 மூளைகளை அளந்தார்கள். காதால் கேட்பதை உணரும் பகுதிக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஒரு பரப்பு, 65 மூளைகளில் இடப்பக்கம் பெரிதாக இருந்தது; 11-ல் மட்டுமே வலப்பக்கம் பெரிது. கருவிலிருக்கும் குழந்தையிடமே இந்த வேறுபாடு தெரிகிறது என்பது உண்மையிலேயே வியப்பூட்டுகிறது.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும், இடக்கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும் மொழி இடப்பக்கமே. குரலின் ஏற்ற இறக்கத்திலும் இசையிலும் வலப்பக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அதனால்தான் பக்கவாதத்தில் பேச்சிழந்த சிலரால், பழகிய பாட்டைச் சொற்களோடு பாட முடிகிறது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அறிவு மங்கிவிட்டது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். மெட்டோடு சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் பயிற்சியும் இருக்கிறது.