நாலையும் மாற்றச் சொன்னால் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

புனேயில் பழைய சஃபாரி, ஸ்கார்ப்பியோ, இன்னோவா வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, மே மாத விடுமுறைக்குச் சாத்தாரா ரோடு வழியாக ஊருக்குக் கிளம்பும் முன்தான் வண்டியைச் சர்வீஸுக்கு விடும். “இன்ஜெக்டர் போயிடுச்சு, நாலும் மாத்தணும்” என்ற பேச்சு வருவதும் அப்போதுதான். பயண அவசரத்தில் தலையாட்டிவிடுகிறோம். பழைய வண்டிக்கு அது சின்னச் செலவில்லை. நாலும் கெட்டுப் போயிருக்கலாம்தான். அதை வாய்வார்த்தையாக ஏற்க வேண்டியதில்லை.

2005ஐ ஒட்டி வரத் தொடங்கிய காமன் ரெயில் டீசல் எஸ்யூவிகளில், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான குழாயான ரெயிலுக்குள் டீசல் 1,600 பார் வரை அழுத்தத்தில் நிற்கும். டயரில் அடிக்கும் காற்றைப்போல எழுநூறு மடங்கு. இன்ஜெக்டர் நுனியில் இருக்கும் துளைகளோ தலைமுடி கனம்தான். டீசலில் கலந்த தண்ணீரும் தூசியும்தான் அவற்றின் எமன். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதும் எந்த ‘கிளீனர்’ பாட்டிலையும்விட மேல்.

காலையில் செல்ஃப் நீளமாக இழுப்பது, ஐட்லிங்கில் குலுங்குவது, புகை, பிக்கப் குறைவது எல்லாம் இன்ஜெக்டர் கோளாறின் அறிகுறிகள். ஆனால் பலவீனமான பேட்டரி, அடைபட்ட ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், கரி பிடித்த ஈஜிஆர் வால்வு ஆகியவையும் இதே வேஷம் கட்டும். ஓர் அறிகுறிக்கு மட்டும் தாமதம் கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் கலந்து நீர்த்த ஆயில் இன்ஜினையே தின்றுவிடும்.

கோளாறு எந்த இன்ஜெக்டரில் என்று பார்க்க எளிய வழி ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, அளவுக்கோடு போட்ட சின்ன பாட்டிலில் விட்டு, வண்டியைச் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட விடுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரே மட்டம், நாலாவதில் இரண்டு மடங்கு என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். பக்கத்தில் நின்று பாருங்கள், போன் கேமராவில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் சரியாக இருந்தும் நாசில் கெட்டிருக்கலாம். அதனால் சந்தேகப்பட்டதைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையின் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட ரிப்போர்ட் வாங்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அடியில் புது காப்பர் வாஷர் போடச் சொல்லுங்கள். புது இன்ஜெக்டர் என்றால், குறியீடு ஏற்ற வேண்டிய வகை வண்டிகளில் அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை இசியுவில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) ஏற்றியாக வேண்டும். இந்த வேலையை விட்டுவிட்டு, “புதுசு, செட்டாக நாளாகும்” என்று அனுப்பும் இடங்களும் உண்டு.

பழைய பம்ப் வண்டிகளில் பழகிய கை, இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும். காமன் ரெயிலில் இதை யாரையும் செய்ய விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. பேண்டேஜ் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தவர் விரலையே இழக்க நேரலாம். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும்.

டீசல் மீது சந்தேகமா? பங்கில் ஹைட்ரோமீட்டர் வைத்து அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டியது பங்கின் கடமை. பில்லை வாங்கி வையுங்கள், அது இல்லாமல் புகாரை நிரூபிப்பது கடினம். இன்ஜினின் நிலைக்குப் பியூசி (புகைச் சோதனை) சான்றிதழும் ஒரு நல்ல சாட்சி. டீசல் வண்டிக்கு அதில் புகையின் ‘கே’ மதிப்பு இருக்கும். பிஎஸ்-4க்கு உச்ச அளவு 1.62, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 2.45. போன முறையைவிட எண் ஏறியிருந்தால் வண்டியில் ஏதோ கோளாறு இருக்கலாம். பியூசி இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்பது தனிக் கதை.

“டீசலுக்குப் பத்து வருஷம்தான், விற்றுவிடுங்கள்” என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. புனே ஆர்டிஓவில் 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது என்பதும் சட்டமில்லை. ஸ்பேர் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக, டாடா, மஹிந்திரா, டொயோட்டா உட்பட 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 25-8-2014 அன்று மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எங்கே வேலை கொடுத்தாலும், எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். போடுவது புதுசா, ரீகண்டிஷன் செய்ததா, வாரண்டி எத்தனை மாதம் என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். கழற்றிய பழசைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஏமாந்ததாகத் தெரிந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இ-ஜாக்ருதி தளம் வழியாகவே, வழக்குப் போடலாம். வேலை வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை.