சிறார் என்பு முறிவும் ஊடுகதிர்ப் படமும்

1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில், றொன்ற்கன் என்னும் பௌதிகப் பேராசிரியர் தம் மனைவியாரின் கையை ஊடுகதிரிற் படம்பிடித்தார். விரலென்புகளும் மோதிரமும் அதில் துலக்கமாகத் தோன்றின. அன்று பிறந்த குழவியின் கையாயின், மணிக்கட்டென்புகள் எட்டனுள் ஒன்றேனும் பெரும்பாலும் தோன்றியிராது. அப்பருவத்தில் அவை குருத்தெலும்பாகவே உள்ளன. குருத்தெலும்போ படத்திற் புலப்படுவதில்லை.

விபத்துப் பிரிவுக்குக் கொணரப்படும் சிறாரின் படங்களைப் பார்க்கும் வைத்தியர் பிழைபடுவதற்கு மூலகாரணம் இதுவே. சிறுவனின் என்பு வளர்ந்தோர் என்பின் சிற்றுருவன்று.

இதில் மிகவும் ஏமாற்றுவது முழங்கை. அங்கு ஆறு என்பாக்க மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. தோன்றும் வயது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும், பெண்பிள்ளைகளில் முந்தும், வரிசையோ பெரும்பாலும் மாறாது. புயவென்பின் உட்புடைப்பு ஏறக்குறைய 5 வயதிலும், அதனையடுத்துள்ள கப்பி வடிவான பகுதி 7 வயதளவிலும் புலப்படும். கையூன்றி விழுந்த சிறுவனொருவனின் படத்தில், கப்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மையம் தெரிகிறது; உட்புடைப்புத் தெரியவில்லை. முறிவுக்கோட்டினை மாத்திரம் தேடுபவர் எதனையுங் காணாது பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வரிசையை அறிந்தவரோ, முன் வரவேண்டியது வராதிருக்கப் பின் வருவது வந்தது எங்ஙனம் என வினவுவார். முன்கைத் தசைகள் இழுத்துப் பெயர்த்த உட்புடைப்பே மூட்டினுள் அகப்பட்டுக் கப்பியின் வேடம் பூண்டிருக்கிறது! அதனைக் காணாது விட்டால் மூட்டு விறைக்கும். உட்புடைப்பின் பின்புறமாகச் சிறுவிரலுக்குச் செல்லும் நரம்பும் ஊறுபடலாம்.

ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவது இன்னொரு பிழை. 1814இல் மிலான் நகர அறுவை வைத்தியர் மொந்தேஜியா விவரித்த காயத்தில், முன்கையின் அரந்தியென்பு முறிந்திருப்பது எவர் கண்ணுக்கும் படும். உடனுள்ள ஆரையென்பின் தலை இடம்பெயர்ந்திருப்பது பலர் கண்ணுக்குப் படுவதில்லை. ஆரையின் நடுவே இழுத்த கோடு, எப்பக்கத்திலிருந்து எடுத்த படத்திலும், புயவென்பின் சிறுதலையூடு செல்லல் வேண்டும். அதற்கு வேண்டியது ஓர் அடிமட்டமும் அரை நிமிடமுமே.

மறுதலையான பிழையும் உண்டு. வளர்ச்சித்தகட்டின் இயல்பான கோட்டினை முறிவெனக் கொண்டு பரிசுச்சாந்துக் கட்டுப் போடுவதாற் சில வாரத் தொல்லையே விளையும். ஆனால், ரொறன்ரோவில் சால்ற்றரும் ஹரிஸும் 1963இல் வகைப்படுத்திய வளர்ச்சித்தகட்டுக் காயங்களுள் முதலாம், ஐந்தாம் வகைகள் முதற்படத்திற் புலப்படாமலே போகக்கூடும். ஐந்தாம் வகையால் வளர்ச்சி நின்று அவயவம் குறுகவுங்கூடும். ஆதலின், தகட்டின்மேல் விரலால் அழுத்தும்போது பிள்ளைக்கு நோவுண்டாயின், படம் குற்றமற்றதாகத் தோன்றினும், அவ்வவயவத்தை அசையாது கட்டி வைத்து, ஏறத்தாழ 10 நாட்களின் பின் மீளப் படமெடுப்பர். மறைந்திருந்த முறிவைப் புதிதாகப் படிந்த என்பு அப்போது காட்டிக்கொடுக்கும்.