மாசம் 1 லட்சத்துக்கு சொகுசு கார்: லீஸ் எடுக்கும் முன் நெல்லைக்காரங்க பேரம் பேச வேண்டியது எதில்?

"மாசம் ஒரு லட்சம்தான் அண்ணாச்சி, மூணு வருஷத்துக்கு பென்ஸ் உங்க வாசல்ல நிக்கும்." டாக்டர்கள், கான்ட்ராக்டர்கள், மில் ஓனர்கள் என நெல்லையில் வசதியா இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி போன் வர ஆரம்பிச்சிருக்கு. முன்பணம் பெருசா வேண்டாம், கார் பழசானா விற்கிற தலைவலி இல்லை என்பது கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மாச வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டா, மூணு வருஷ முடிவில் பல லட்சம் கூடுதலா கொடுத்திருப்பீங்க. காரணம், அந்த ஒரு தொகைக்குள்ளே நாலைந்து கணக்குகள் ஒளிஞ்சிருக்கு. பேரம் பேச வேண்டியது அந்தக் கணக்குகளில்தான்.

கார் லீஸும் வீட்டு லீஸும் ஒண்ணா?

இல்லை. நம்ம ஊர்ல லீஸ்னு சொன்னதும் வீட்டை ஒத்திக்கு எடுக்கிறதுதான் ஞாபகம் வரும். 5 லட்சம் கொடுத்துக் குடியிருந்துட்டு, காலி பண்ணும்போது அதே 5 லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கலாம். கார் லீஸில் கட்டிய வாடகை திரும்ப வராது. இது வயலைக் குத்தகைக்கு எடுக்கிற மாதிரி. விளைச்சல் உங்களுக்கு, நிலம் அவங்களுக்கு.

இன்னொரு குழப்பமும் இருக்கு. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ்-பென்ஸ் போன்ற கம்பெனிகளுக்கு இந்தியாவில் சொந்த நிதி நிறுவனங்கள் உண்டு. 'குறைந்த மாதத் தவணை, கடைசியில் காரை நாங்களே இவ்வளவுக்கு எடுத்துக்கிறோம்' என்ற உறுதியோடு அவங்க கொடுக்கும் திட்டங்கள் பார்க்க லீஸ் மாதிரியே இருக்கும். உண்மையில் அது கடன். கார் உங்க பேரில், முழு வரியும் முதலிலேயே உங்க கணக்கில். ஓரிக்ஸ், மகிந்திரா ஃபைனான்ஸின் குவிக்லீஸ் போன்ற லீஸ் கம்பெனிகள் கொடுப்பது வேறு வகை. முதல் கேள்வியே 'இது லீஸா, கடனா?' என்பதுதான்.

மாச வாடகையை எப்படிக் கணக்குப் போடுறாங்க?

ஒரு உதாரணம் பார்ப்போம். வரி இல்லாமல் காரின் விலை 50 லட்சம் ரூபாய். 40 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஷோரூம் விலை 70 லட்சம். லீஸ் காலம் 36 மாதம். மூணு வருஷம் கழிச்சு இந்தக் கார் 25 லட்சம் பெறும் என்று கம்பெனி முடிவு பண்ணுது. இதுக்குப் பேர் 'எஞ்சிய மதிப்பு'.

* மதிப்புக் குறைவு: 50 லட்சத்தில் 25 லட்சம் போக மீதி 25 லட்சம். இதை 36-ஆல் வகுத்தால் மாதம் 69,444 ரூபாய்.
* வட்டி: கம்பெனியின் பணம் 50 லட்சத்தில் தொடங்கி 25 லட்சத்தில் முடியுது. சராசரி 37.5 லட்சம். 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 31,250 ரூபாய்.
* இரண்டும் சேர்த்து வாடகை 1,00,694 ரூபாய்.
* அதற்கு 40 சதவீத ஜிஎஸ்டி 40,278 ரூபாய்.

ஆக 'மாசம் ஒரு லட்சம்' என்பது கையை விட்டுப் போகும்போது 1,40,972 ரூபாய். 36 மாதத்தில் சுமார் 50.75 லட்சம். சாலை வரி, இன்சூரன்ஸ், சர்வீஸ் இதில் சேரவில்லை.

அப்போ பேரம் எதில்?

முதலில் காரின் விலை. வாடகைக்குத்தானே எடுக்கிறோம், விலையில் நமக்கென்ன என்று விட்டுடாதீங்க. விலையில் 2 லட்சம் குறைஞ்சா, அது முழுக்க மதிப்புக் குறைவுக் கணக்கில்தான் குறையும். டிசம்பர், மார்ச் மாதங்களில் டீலர்கள் இருப்பைக் காலி பண்ணப் பார்ப்பாங்க. அந்தத் தள்ளுபடி லீஸ் கம்பெனிக்குப் போகுதா, உங்களுக்கு வருதா என்று கேளுங்க.

இரண்டாவது, 50 லட்சத்தின் மேல் கணக்கா, 70 லட்சத்தின் மேல் கணக்கா? கார் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை லீஸ் கம்பெனிகள் வழக்கமாக உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கும். அப்படி எடுத்தால் வாடகையை வரி இல்லாத விலையின் மேல்தான் போடணும். 70 லட்சத்தின் மேல் வாடகை போட்டு, அதன் மேல் மறுபடி 40 சதவீதம் என்றால் வரிக்கு வரி கட்டுறீங்க.

மூன்றாவது, எஞ்சிய மதிப்பு. மேலே சொன்ன கணக்கில் 25 லட்சத்தை 28 லட்சமாக ஏத்தினால், வரியோடு மாதம் 1,31,055 ரூபாய்தான் வரும். மூணு வருஷத்தில் சுமார் 3.57 லட்சம் மிச்சம். வட்டியை 10-லிருந்து 9 சதவீதமாகக் குறைத்தால் கிடைக்கும் மிச்சமோ சுமார் 1.57 லட்சம்தான். நிறைய பேர் வட்டிக்கு மட்டும் மல்லுக்கட்டுவாங்க. பெரிய பணம் எஞ்சிய மதிப்பில் இருக்கு.

ஆனா ஒரு எச்சரிக்கை. காரைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போகப் போறீங்கன்னா மட்டும்தான் எஞ்சிய மதிப்பு அதிகமா இருப்பது லாபம். 'கடைசியில் அந்த விலை கிடைக்கலைன்னா வித்தியாசத்தை வாடிக்கையாளர் கட்டணும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தா, இன்னிக்குக் குறைஞ்ச வாடகை நாளைக்குக் கடனா வரும். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்க. எடுக்க மாட்டோம்னு சொன்னா வேற இடம் பாருங்க.

ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமா?

தொழில் செய்றவங்க பலர் நம்புறது, 'கம்பெனி பேரில் லீஸ் எடுத்தா ஜிஎஸ்டி வரவு கிடைக்கும்' என்று. கிடைக்காது. டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வாகனங்களுக்கும், அவற்றை லீஸ் எடுப்பதற்கும் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு வரி வரவைத் தடுக்குது. டிராவல்ஸ், டிரைவிங் ஸ்கூல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் மில்லுக்கோ ஆஸ்பத்திரிக்கோ எடுக்கும் காரில் அந்த 40 சதவீதம் முழுக்க உங்க செலவுதான்.

வருமான வரியில் நிலைமை வேறு. தொழிலுக்குப் பயன்படுத்தும் அளவுக்கு வாடகையைச் செலவாகக் காட்டலாம். சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம்தான். எது லாபம் என்பது உங்க வரி விகிதத்தைப் பொறுத்தது. கையெழுத்துக்கு முன்னாடி ஆடிட்டரிடம் இரண்டு கணக்கையும் போடச் சொல்லுங்க.

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. எலெக்ட்ரிக் கார்களுக்கு 5 சதவீதம். லீஸ் வாடகைக்கும் அந்தந்தக் காருக்குரிய விகிதம்தான். அதே 1,00,694 ரூபாய் வாடகைக்கு எலெக்ட்ரிக் காரில் வரி 5,035 ரூபாய். மாதம் 35,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எலெக்ட்ரிக் காரின் மறுவிற்பனை விலை குறையுமோ என்ற பயம் இருப்பவங்களுக்கு, அந்தக் கவலையைக் கம்பெனி தலையில் விடும் லீஸ் ஒரு வழி.

டிஎன் 72 நம்பர் கிடைக்குமா?

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 70 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 14 லட்சம். இது ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டும் வரி. நீங்க ஓட்டப் போறது 3 வருஷம். முழு 14 லட்சத்தையும் உங்க 36 மாத வாடகையில் ஏத்தினா, அடுத்து ஓட்டப் போறவருக்கும் சேர்த்து நீங்களே வரி கட்டுறீங்க. இதையும் பேசிக் குறைக்கணும்.

வேற மாநிலத்தில் பதிவான காரைக் கொடுத்தா வாடகை குறையலாம். ஆனா மோட்டார் வாகனச் சட்டப்படி, வேற மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வச்சிருந்தா மறுபதிவு பண்ணணும். அப்போ இங்குள்ள வரியும் வரும். அதை யார் கட்டுறது என்று எழுதி வாங்குங்க. நம்பர் பிளேட்டையும் கேளுங்க. வெள்ளை பிளேட் என்றால் சொந்த உபயோக வண்டி. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு எடுத்து ஓட்டும் வண்டி.

கிலோமீட்டர் கணக்கு ஏன் முக்கியம்?

லீஸில் ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கும். 15,000 என்று வைத்துக்கொள்வோம். நெல்லையிலிருந்து சென்னை சுமார் 625 கி.மீ. போய்வர 1,250. மாதம் ஒரு தடவை சென்னை போனாலே 15,000 முடிஞ்சுது. அம்பாசமுத்திரத்தில் கல்யாணம், தூத்துக்குடி ஏர்போர்ட், சீசனுக்குக் குற்றாலம் எல்லாம் அபராதக் கணக்கில்தான். கூடுதல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 10,000 கி.மீ. கூடினால் மூணு வருஷத்தில் 6 லட்சம். முதலிலேயே 25,000 கி.மீ. என்று பேசி வாங்கினால் வாடகை கொஞ்சம் கூடும். ஆனா பெரும்பாலும் அது அபராதத்தை விடக் குறைவாத்தான் இருக்கும். இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்க.

சர்வீஸ் சென்டர் எங்கே என்பதும் இதில் சேரும். மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகணும்னா ஒரு பக்கம் சுமார் 150 கி.மீ. வண்டியை அவங்களே எடுத்துப் போவாங்களா, அந்த நாட்களுக்கு மாற்று கார் உண்டா, அந்தக் கிலோமீட்டர் உங்க கணக்கிலா? கேட்டு எழுதி வாங்குங்க.

வெள்ளம் வந்தா யார் பொறுப்பு?

2023 டிசம்பர் 17, 18-ஐ நெல்லை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. எத்தனையோ கார்கள் மூழ்கின.

ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக எடுத்துக்குவாங்க. லீஸ் காரில் அந்த இன்சூரன்ஸ் பணம் கம்பெனிக்குப் போகும். பாக்கி இருந்தா உங்க தலையிலா? வண்டி போன நாளிலிருந்து வாடகை நிற்குமா? இரண்டுக்கும் பதில் ஒப்பந்தத்தில் இருக்கணும். சாதாரண பாலிசியில், தண்ணி புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் கெட்டுப் போனால் பணம் கிடைப்பது கஷ்டம். இன்ஜின் பாதுகாப்பு, முழு விலைப்பட்டியல் தொகை கிடைக்கும் கூடுதல் காப்பீடு இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்க.

பாதியில் விட்டால்?

தொழில் ஒரு வருஷம் படுத்துட்டா லீஸை முறிக்க என்ன செலவு? சிலர் மீதி வாடகை முழுவதையும் கேட்பாங்க. 'ஒரு வருஷத்துக்குப் பிறகு இத்தனை மாத வாடகையோடு முடிச்சுக்கலாம்' என்று உச்ச வரம்பு வையுங்க. திருப்பிக் கொடுக்கும்போது கீறல், டயர் தேய்மானத்துக்கு எந்த அளவு வரை காசு கேட்க மாட்டாங்க என்பதும் எழுத்தில் வேணும். வாங்குற அன்னிக்கும் கொடுக்கிற அன்னிக்கும் காரைச் சுற்றி வீடியோ எடுத்து வச்சுக்கோங்க.

யாருக்கு லீஸ் சரிப்படும்?

மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கார் மாத்துறவங்க, வருமான வரிக் கணக்கு முறையா வச்சிருக்கிறவங்க, ஓட்டும் தூரம் முன்கூட்டியே தெரிஞ்சவங்களுக்கு லீஸ் ஒத்து வரும். ஒரு காரை எட்டு, பத்து வருஷம் வச்சு ஓட்டுறவங்களுக்கு சொந்தமா வாங்குறதுதான் மலிவு.

பேச உட்காரும்போது 'மாசம் எவ்வளவு குறைப்பீங்க?' என்று கேட்காதீங்க. காலத்தை 36-லிருந்து 48 மாதமாக நீட்டி, குறைச்ச மாதிரி காட்டிடுவாங்க. காரின் விலை, எஞ்சிய மதிப்பு, வட்டி, வரி, கிலோமீட்டர் வரம்பு, முறிப்புத் தொகை. இந்த ஆறையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்க. குறைந்தது இரண்டு கம்பெனிகளிடம் அதே தாளை வாங்குங்க. தர மறுக்கிறவங்களிடம் எவ்வளவு நல்ல கார் இருந்தாலும் கையெழுத்துப் போடாதீங்க.