உணவில் சேரும் சாயங்கள்: துறைமுகத்திலும் தெருவிலும்

கொல்கத்தா மாநகரின் தென்மேற்குப் பகுதியில், ஹூக்ளி நதியின் கிழக்குக் கரையை அடுத்து அமைந்துள்ளது கிடர்பூர். 1890-களின் தொடக்கத்தில் இங்குக் கப்பல் தளங்கள் திறக்கப்பட்டதிலிருந்து துறைமுகத்தின் பெயரும் இவ்வூரின் பெயரும் பிரிக்க முடியாதன ஆயின. கப்பல் கட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்த கிட் குடும்பத்தாரின் பெயரால் இவ்வூர் வழங்குகிறது என்பர் சிலர்; நீருக்குக் காவலராகக் கருதப்படும் கிஸிர் என்னும் பெரியாரின் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர்.

வெளிநாட்டிலிருந்து இத்துறைமுகத்துக்கு வரும் உணவுப்பொருள் எதுவும் சுங்க இலாகாவின் பத்திரங்களுடன் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் பார்வைக்கும் உட்பட வேண்டும். பிஸ்கோத்து டப்பாவின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் எந்தச் சாயம் சேர்ந்துள்ளது என்று அச்சிடப்பட்டுள்ளதா, அச்சாயம் இந்நாட்டில் அனுமதி பெற்றதா என்று அவர் நோக்குகிறார். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், முடிவு வரும்வரை அச்சரக்கு பொதுவாக விடுவிக்கப்படுவதில்லை. தளத்தின் மதிலுக்கு வெளியே உள்ள கடைத்தெருவிலோ நிலைமை வேறு. மாலை வேளையில் அங்கே ஜிலேபி பொரிகிறது; பிரியாணி அண்டாவின் மூடி திறக்கிறது. அந்த மஞ்சள் நிறம் எதனால் ஆனது என்பதை உண்பவர் அறியார். பல சமயங்களில் சமைப்பவரும் அறியார். கடையிலிருந்து காகிதப் பொட்டலத்தில் வந்த தூள் என்பதே அவருக்குத் தெரியும்.

ஆயினும் பொதுமக்களின் அச்சம் பெரும்பாலும் டப்பாவின் பக்கமே திரும்புகிறது. சீட்டில் 102 என்றும் 110 என்றும் எண்களைக் கண்டவுடன் உண்டாகும் கலக்கம், சீட்டே இல்லாத உணவைக் காணும்போது உண்டாவதில்லை. இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும் எந்தச் சாயம், எவ்வளவு, யாருடைய உடலில் என்ற வினாக்களைப் பிரித்துப் பார்த்தாலன்றி அதன் உண்மையான அளவு விளங்காது.

சாயங்களின் கதை 1856-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மலேரியாக் காய்ச்சலுக்குரிய க்வினைனைச் செய்ய முயன்றார். க்வினைன் கிடைக்கவில்லை, பட்டில் அழுத்தமாகப் பற்றும் ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. அதே 1856-இல்தான் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா அரசிழந்து கல்கத்தா வந்து, கிடர்பூருக்கு அடுத்த மட்டியாபுருஜில் குடியேறினார். அவருடைய சமையற்காரர்கள் வழியாகவே உருளைக்கிழங்கு இட்ட கல்கத்தா பிரியாணி தோன்றியது என்பது நகரத்தாரின் நம்பிக்கை. அந்தப் பிரியாணிக்கு நிறம் தந்தது குங்குமப்பூ. பெர்க்கின் வழிவந்த சாயங்கள் குங்குமப்பூவின் இடத்தைப் பிடிக்கும் என்று அப்போது லண்டனிலும் எவரும் எண்ணியிருக்கமாட்டார், மட்டியாபுருஜிலும் எண்ணியிருக்கமாட்டார்.

துணிக்கென்று செய்யப்பட்ட சாயங்கள் வெகு விரைவில் மிட்டாயிலும் வெண்ணெயிலும் புகுந்தன. காரணம் எளிது. இயற்கை நிறங்கள் வெப்பத்திலும் ஒளியிலும் மங்குகின்றன; பருவத்துக்குப் பருவம் மாறுபடுகின்றன; விலையும் மிகுதி. கரித்தார்ச் சாயமோ ஒரு சிட்டிகை போதும். அடுப்பின் சூட்டுக்கும் அசையாது. அமெரிக்காவில் வழங்கிவந்த ஏறத்தாழ 80 சாயங்களை ஆராய்ந்து, 1907-ஆம் ஆண்டில் 7 சாயங்களை மட்டுமே உணவுக்கு ஏற்றவை என அறிவித்தனர். அவ்வேழின் பிற்கால வரலாறும் கவனிக்கத்தக்கது. அவற்றுள் ஒன்றான ஆரஞ்சு 1, 1950-இல் மிட்டாய் உண்ட குழந்தைகள் நோயுற்றதையடுத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. மற்றொன்றான எரித்ரோஸின் என்னும் சிவப்புச் சாயம், எலிகளின் தைராய்டு சுரப்பியில் கட்டிகளை உண்டாக்குவது அறியப்பட்ட பின்னும் நீண்ட காலம் உணவில் நீடித்தது. 2025 ஜனவரியில்தான் அதன் அனுமதியை அமெரிக்க அரசாங்கம் ரத்துச் செய்தது. இந்தியாவில் நெடுங்காலமாக அனுமதி பெற்றுவரும் 8 செயற்கைச் சாயங்களுள் எரித்ரோஸினும் ஒன்றாகும். ஆகவே அனுமதி என்பது அன்றைய அறிவு அளித்த தீர்ப்பே.

நம் நாட்டில் வங்காள உணவுக் கலப்படச் சட்டம் 1919-இல் பிறந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு ஓராண்டு முன்னரே சட்டம் ஏற்பட்டது. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே விதியை வகுத்தது. அச்சட்டத்தின்கீழ், தகராறுக்குரிய மாதிரிகளை ஆராய்ந்து முடிவு கூற வேண்டிய மத்திய உணவு ஆய்வுக்கூடம் கல்கத்தாவில், கிடர்பூரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கிட் தெருவில் அமைந்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தை ஏற்று, அதன் விதிகள் 2011 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தன. சாயம் சேர்க்கத் தகுந்த உணவுகள் இவையென விதிகள் பெயர் குறித்துக் கூறுகின்றன; பொதுவான உச்ச அளவு ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், தேயிலை, பருப்பு ஆகியவற்றில் செயற்கைச் சாயத்துக்குச் சிறிதும் இடமில்லை.

அனுமதிக்கப்பட்ட மஞ்சளுக்கும் தடுக்கப்பட்ட மஞ்சளுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணால் காண இயலாது. அது மூலக்கூறின் அமைப்பில் உள்ளது. உணவுச் சாயங்களிற் பல அசோ வகையைச் சேர்ந்தவை. அதாவது இரண்டு நைட்ரஜன் அணுக்களாலான ஒரு பாலம் மூலக்கூறின் இரு பாதிகளை இணைத்து நிற்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இப்பாலத்தை முறித்துவிடுகின்றன. முறிந்த பாதிகள் எங்கே செல்கின்றன என்பதே முக்கியம். டார்ட்ரஸின், ஸன்ஸெட் மஞ்சள், கார்மோய்ஸின் போன்ற அனுமதிக்கப்பட்ட அசோ சாயங்களில் இரு பாதிகளிலும் ஸல்போனிக் அமிலத் தொகுதி என்ற அமைப்பு இணைந்துள்ளது. நீரில் எளிதிற் கரையும் தன்மையை அது தருவதால், அப்பாதிகள் உடலின் கொழுப்பில் தங்காமல் பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன.

மெட்டானில் மஞ்சள் என்னும் துணிச் சாயத்திலோ ஒரு பாதியில் மட்டுமே இத்தொகுதி உண்டு. மறு பாதி முறிந்து பாரா அமினோ டைபினைலமின் என்ற அமின் பொருளாகிறது; உடலிலிருந்து எளிதாக வெளியேறச் செய்யும் அந்தத் தொகுதி அதில் இல்லை. வெண்ணெய்க்கு நிறமூட்டப் பயன்பட்டு வந்த ‘வெண்ணெய் மஞ்சள்’ என்னும் சாயத்திலோ இத்தொகுதி எப்பாதியிலும் கிடையாது. அச்சாயம் எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கியதை 1930-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். மெட்டானில் மஞ்சளைப் பற்றி நம் நாட்டிலேயே ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. லட்சுமணபுரியிலுள்ள தொழில் நச்சியல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சாயங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தது. பெங்களூரில் செய்யப்பட்டு 1993-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இச்சாயத்தை நீண்ட காலம் உட்கொண்ட எலிகளின் மூளையில் சில ரசாயனங்களின் அளவு மாறியதும், அவற்றின் கற்கும் திறன் பாதிக்கப்பட்டதும் தெரியவந்தன. மனிதரிடம் இத்தகைய பரிசோதனையைச் செய்ய இயலாதாகையால், எலிகள் கூறும் சாட்சியத்தையே ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது.

அனுமதிக்கப்பட்ட சாயங்களின் நிலை என்ன? உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தகும் அளவை ஒவ்வொரு சாயத்துக்கும் வகுத்துள்ளது. டார்ட்ரஸினுக்கு உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம்; எரித்ரோஸினுக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தையைக் கொண்டு கணக்கிட்டால், டார்ட்ரஸின் 150 மில்லிகிராம் வரை கொள்ளலாம். உச்ச அளவில் சாயம் சேர்ந்த இனிப்பு ஒன்றரைக் கிலோ உண்டால்தான் அவ்வெல்லை எட்டும்; எந்தக் குழந்தையும் அவ்வளவு உண்பதில்லை. எரித்ரோஸினிலோ அக்குழந்தைக்குரிய அளவு ஒன்றரை மில்லிகிராமே. கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் அச்சாயம் கலந்த இனிப்பு 30 கிராம் போதும், எல்லை நிறைந்துவிடும். எல்லாச் சாயங்களையும் ஒரே தராசில் நிறுத்துவது எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு வினாவும் எழுந்துள்ளது. இங்கிலாந்தில் ஸௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 3 வயதினரும் 8, 9 வயதினருமான ஏறத்தாழ 300 குழந்தைகளுக்குச் சாயக் கலவை சேர்ந்த பானத்தையும் சேராத பானத்தையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். சாயம் அருந்திய நாள்களில் சில குழந்தைகளிடம் அமைதியின்மையும் கவனக்குறைவும் ஓரளவு மிகுந்தன. பானத்தில் ஒரு காப்புப் பொருளும் சேர்ந்திருந்தது. விளைவும் குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டது. ஆதலால் ஐரோப்பிய நிபுணர்கள் இச்சான்றைத் திட்டமானதாகக் கொள்ளவில்லை. எனினும் 2010 ஜூலை முதல் அவ்வாறு சாயங்கள் சேர்ந்த உணவின் சீட்டில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஐக்கியம் விதித்தது. அவ்வாறில் நான்கு, அதாவது டார்ட்ரஸின், ஸன்ஸெட் மஞ்சள், கார்மோய்ஸின், பான்ஸோ 4ஆர் ஆகியவை, இந்தியப் பட்டியலிலும் உள்ளன. டப்பாவைக் கண்டு தயங்கும் தாயின் கவலையை அறியாமை என்று ஒதுக்குவது விஞ்ஞானத்துக்கு அழகன்று.

ஆய்வுக்கூடத்தில் சாயத்தைக் கண்டறியும் பழைய முறை மிக எளியது. உணவைச் சற்றே அமிலம் கலந்த நீரில் கரைத்து, வெண்மையான கம்பளி நூலை அதில் இட்டுக் காய்ச்சுவர். கம்பளி ஒரு புரதம். அமிலச் சூழலில் அது செயற்கைச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும். கழுவினால் இயற்கை நிறங்கள் பெரும்பாலும் போய்விடும், சாயம் போகாது. பின்னர் அம்மோனியா கலந்த நீரில் இட்டால் நூல் தான் பற்றியதை விடுவிக்கும். அந்தச் சாயநீரின் துளியைத் தாளில் இட்டு, திரவம் மேலேறும்போது ஒவ்வொரு சாயமும் வெவ்வேறு உயரத்தில் நிற்பதைக் கொண்டு அதன் பெயரை அறிவர். கம்பளி ஆலைக்கெனப் பிறந்த சாயத்தைக் கம்பளியே காட்டிக்கொடுப்பது ஒரு வேடிக்கை. அளவை நிர்ணயிக்க இக்காலத்தில் நுட்பமான கருவிகள் உள்ளன.

ஐயமான உணவில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் மெட்டானில் மஞ்சள் கருஞ்சிவப்பாக மாறும். மஞ்சள் தூளும் இவ்வமிலத்தில் சிவக்கும். ஆனால் நீர் விட்டால் அச்சிவப்பு மறையும், மெட்டானில் மஞ்சளின் சிவப்பு மறையாது. அமிலம் கையையும் கண்ணையும் சுடுமாதலால் இச்சோதனை வீட்டிற்குரியதன்று.

சோதனை முறைகளில் குறையில்லை, காலத்திலேதான் குறை. மாதிரி கைக்கு வந்த 14 நாள்களுக்குள் ஆய்வாளர் அறிக்கை தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். துறைமுகக் கிடங்கிலுள்ள டப்பா 14 நாள் காத்திருக்கும். தெருவில் இறக்கிய பிரியாணி அன்றிரவே தீர்ந்துவிடும். அறிக்கை வரும்போது அதை உண்டவர்கள் யார் என்பதும் தெரியாது. கடைக்காரருக்கு அபராதம் விதிக்கலாம். அவர் பொட்டலம் வாங்கிய இடம் அதனால் மூடப்படுவதில்லை. தடுக்கப்பட்ட சாயமும் துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் சட்டப்படி விற்கத்தக்க சரக்கே என்பதை மறத்தலாகாது. உணவுக்குரியதென அது கைமாறும் இடமே குற்றம் தொடங்கும் இடம்.

2024 பிப்ரவரியில் தமிழகத்தில் நிகழ்ந்ததும் இவ்வகையினதே. புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச் சாயம் காணப்பட்டு அங்கு விற்பனை தடை செய்யப்பட்டது. சில நாள்களில் சென்னையிலும் மாதிரிகள் ஆராயப்பட்டு, தமிழக அரசும் அம்மிட்டாய்க்குத் தடை விதித்தது. மார்ச்சில் கர்நாடகம் இச்சாயத்தைத் தடுத்து ஆணையிட்டது. தடையினால் தீங்கு நின்றது உண்மை. ஆனால் கோலில் மிட்டாயைக் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடந்த ஏழை வியாபாரி பிழைப்பை இழந்தார். தூளை மொத்தமாக விற்றவரின் பெயர் செய்தியில் அரிதாகவே வந்தது.

வேறு வழி உண்டென்பதற்கு அண்டை நாடான வங்காளதேசத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. அங்கு மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பூட்ட ஈயக் குரோமேட் என்னும் நிறமியைப் பூசிவந்தனர். இது கரித்தார்ச் சாயமன்று, தாதுப் பொருள். இதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. 2019-இல் விஞ்ஞானிகள் இதனை வெளிப்படுத்தியபோது அந்நாட்டு அதிகாரிகள் சில்லறைக் கடைகளைத் தேடிச் செல்லவில்லை. எக்ஸ் கதிரால் ஈயத்தை உடனே காட்டும் கைக்கருவியுடன் டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்குச் சென்று, அங்கேயே சோதித்து, வியாபாரிகள் முன்னிலையில் அபராதம் விதித்துச் சரக்கைக் கைப்பற்றினர். அவ்வாண்டில் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் ஈயம் இருந்தது. 2020-இல் அது 5 ஆயிற்று. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் அரைக்கும் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலும் ஈயத்தின் அளவு இறங்கியிருந்தது.