மாரிகாலத்தில் பவோரித்தா பூங்கா

வீட்டு வேலைக்குப் போகும் எம்மில் பலருக்கு வியாழன் பிற்பகலும் ஞாயிறும்தான் சொந்த நேரம். அந்த ஞாயிறை மழை கொண்டுபோனால் பிள்ளைகளோடு வெளியே போக இன்னொரு கிழமை காத்திருக்க வேண்டும். ஆகவே கபோவிலிருந்து பவோரித்தா பூங்காவுக்குப் புறப்படும் குடும்பங்கள் முதலில் வானத்தைப் பார்ப்பது நல்லது.

பலெர்மோவிலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் ஊரைப் போலவே மாரிதான். ஆனால் இங்கே அது பங்குனி வரை நீளும். நாள் முழுக்கத் தூறுவதைவிட, திடீரெனக் கொட்டிவிட்டு வெயில் எறிப்பதே அதிகம். கோடையையும் முழுதாக நம்ப முடியாது. 2020 ஜூலை 15, சாந்தா ரொசாலியாவின் திருநாளன்று கொட்டிய மழையில் நகரின் சுரங்கப்பாதையில் வாகனங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை.

பவோரித்தா ஏறக்குறைய 400 ஹெக்டேர். பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி நேப்பிள்ஸிலிருந்து தப்பி வந்த மன்னர் பெர்டினாந்து 1799இல் அமைத்த வேட்டைக்காடு இது. அவரும் எம்மைப்போல ஓடி வந்தவர்தான். வந்த கையோடு காடு வாங்கக் காசிருந்தது, அவ்வளவே வித்தியாசம். அவருடைய சீன மாளிகையும் ஹெர்குலிஸ் தூணும் இன்றும் அங்கே நிற்கின்றன. ஆனால் நீண்ட மரநிழல் வீதிகளில் மழைக்கு ஒதுங்க இடம் குறைவு. காற்றடித்தால் பைன் மரங்களின் கீழ் நிற்கவே கூடாது.

பூங்காவோடு நிறுத்தாமல் பெல்லெக்ரினோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியா கோயிலுக்கும் போவது எமது வழக்கம். சைவர், கத்தோலிக்கர் என்ற பேதம் அங்கே இல்லை. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறும் அம்மாமாரும் உண்டு. பழைய கல்பாதை நனைந்தால் வழுக்கும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இறக்கம்தான் ஆபத்து. மழை நாளில் பேருந்தில் போய்விட்டு, நடை நேர்த்தியை அடுத்த கிழமைக்கு வைக்கலாம், புனிதை கோபிக்கமாட்டார். பாறை சரிந்தால் மலைவீதியையும் மூடுவார்கள். குகைக்கோயிலுக்குள் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திச் செல்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

முதல்நாள் மாலை குடிசார் பாதுகாப்புத் துறையின் அறிவித்தலைப் பாருங்கள். மஞ்சள் என்றால் குடையோடு போகலாம். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். நகரபிதா பூங்காக்களை மூடச் சொல்வதும் உண்டு. போகிறவர்கள் பிடிப்புள்ள சப்பாத்தும், பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறையும், போத்தலில் சுடச்சுடத் தேநீரும் கொண்டுபோங்கள்.